பொம்மை விமானத்தில் தொடங்கிய வாழ்க்கை

அது 1907-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம். லண்டன் நகரில் ஒரு புதுமையான போட்டி நடந்தது.

மனிதன் ஏறிப் பறக்கும் விமானங்களுக்கான போட்டி அல்ல. அப்படிப்பட்ட விமானம் ஒன்று வானத்தில் பறப்பதை அந்த நாட்டு மக்கள் அதுவரை பார்த்ததே இல்லை. இது கையில் தூக்கிக் கொண்டு போகக்கூடிய சின்னஞ்சிறு மாதிரி விமானங்களுக்கான போட்டி!

"டெய்லி மெயில்" பத்திரிகை இந்தப் போட்டியை நடத்தியது. முதல் பரிசு 150 பவுன். இரண்டாவது பரிசு 75 பவுன். மூன்றாவது பரிசு 25 பவுன். அந்தக் காலத்தில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். எனவே முதல் பரிசு நம் பணத்தில் 2,250 ரூபாய். அன்றைக்கு அது பெரிய தொகை.

இருநூறுக்கும் அதிகமான மாதிரிகள் வந்து குவிந்தன. பார்க்க அழகாக இருந்தவை பல. பறக்கச் சொன்னபோது பெரும்பாலானவை மூக்கைத் தரையில் குத்திக் கொண்டன.

ஒரு மாதிரி மட்டும் நூறு அடிக்கு மேல் பறந்தது. அதற்கு எஞ்சின் கிடையாது. ரப்பர் பட்டையை முறுக்கி விட்டால், முறுக்கு அவிழும் வேகத்தில் அதன் விசிறி சுழலும். அந்த வேகத்தில் அது காற்றில் போகும். அவ்வளவுதான்.

அதைச் செய்தவருக்கு முதல் பரிசு கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை! முதல் பரிசுக்குத் தகுதியான மாதிரி எதுவுமே இல்லை என்று நடுவர்கள் சொல்லி விட்டார்கள். அவருக்குக் கொடுத்தது 75 பவுன்தான்.

பாதிப் பரிசை வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போன அந்த மனிதருக்கு அப்போது வயது 30 நெருங்கிக் கொண்டிருந்தது. அவருடைய பெயர் அலியட் வெர்டன் ரோ. சுருக்கமாக ஏ.வி.ரோ.

அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஆவ்ரோ!

ஆம். ஒரு காலத்தில் சென்னையில் இருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் "ஆவ்ரோ விமானம்" போய் வந்ததே, நினைவிருக்கிறதா? அந்தப் பெயர் இவருடைய பெயர்தான். ஆவ்ரோ 748 ரக விமானங்களை நம் நாட்டிலேயே, கான்பூரில் தயாரித்தார்கள். அங்கே செய்த முதல் விமானம் 1961-ம் ஆண்டு பறந்தது.

ஆனால் உலகம் முழுவதும் ஆவ்ரோ என்ற பெயர் பரவியதற்குக் காரணம் பயணிகள் விமானம் அல்ல. குண்டு வீசும் விமானம்! பொம்மை விமானம் செய்தவரின் பெயர், நகரங்களைத் தீக்கு இரையாக்கிய விமானத்தின் மீது எப்படி ஏறியது? அது ஒரு நீண்ட கதை.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தில் மான்செஸ்டர் என்று ஒரு நகரம். துணி ஆலைகளுக்குப் பெயர் போன ஊர். அதன் அருகே உள்ள பாட்ரிகிராப்ட் என்ற இடத்தில் 1877-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி ரோ பிறந்தார். தகப்பனார் டாக்டர்.

பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. 14 வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டான். கப்பல் ஏறிக் கனடாவுக்குப் போனான். நிலம் அளக்கும் வேலை கற்றுக் கொள்ளலாம் என்ற எண்ணம். அங்கே போனால், அந்த வேலைக்கே ஆள் தேவைப்படவில்லை. கிடைத்த வேலைகளைச் செய்து நாளைக் கழித்து விட்டு, ஓர் ஆண்டுக்குள் ஊர் திரும்பினான்.

பிறகு ரெயில்வே தொழிற்சாலையில் 5 ஆண்டு காலம் தொழில் பழகினார். கையில் எண்ணெய்க் கறை படிந்த இந்த ஐந்து ஆண்டுகள்தான் அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம். ஓய்வு நேரத்தில் சைக்கிள் பந்தயங்களில் ஓடிப் பரிசுகள் வாங்கினார்.

கடற்படையில் என்ஜினீயராகச் சேர ஆசைப்பட்டார். பரீட்சை எழுதினார். எந்திரங்களைப் பற்றிய பாடங்களில் தேறி விட்டார். பொதுப் பாடங்களில் தோற்று விட்டார்! கடற்படைக் கதவு மூடிக் கொண்டது. வேறு வழி இல்லாமல் வணிகக் கப்பலில் என்ஜினீயராகச் சேர்ந்தார்.

அந்தத் தோல்விதான் அவரை வானத்தைப் பார்க்க வைத்தது.

கப்பலின் பின்னால் வந்த பறவை

கப்பல் தென் ஆப்பிரிக்காவுக்குப் போய்க் கொண்டிருக்கும். நாற்புறமும் நீர். எந்திர அறையின் சூட்டில் இருந்து மேல்தளத்துக்கு வந்து நிற்பார் ரோ. கப்பலின் பின்னால் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவைகள் பறந்து வரும்.

நம் ஊர்ப் பருந்து வட்டம் இடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆல்பட்ராஸ் அதை விடப் பெரியது. நெடுநேரம் சிறகை அடிக்காமலே மிதந்து வரும். காற்று எந்தப் பக்கம் வீசினாலும், சிறகைச் சற்றே சாய்த்துத் தன் வழியில் போகும்.

இவ்வளவு கனமான உடல் எப்படிக் கீழே விழாமல் இருக்கிறது? சிறகின் வளைவுதான் காரணமோ? அப்படியானால் மரத்தில் அதே வளைவுடன் சிறகு செய்தால் என்ன?

ரோ சிறிய மாதிரிகளைச் செய்ய ஆரம்பித்தார். ஒன்று விழும். இறக்கையின் அளவை மாற்றுவார். அதுவும் விழும். வாலை மாற்றுவார். ஒவ்வொரு மாதிரியும் அவருக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. பெரிய விமானம் விழுந்தால் ஆள் சாவான். மாதிரி விழுந்தால் குச்சி முறியும், அவ்வளவுதானே!

1903-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் எஞ்சின் பூட்டிய விமானத்தில் பறந்தார்கள். இங்கிலாந்தில் பலர் அதை நம்பவே இல்லை. ரோ நம்பினார். ரைட் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதினார்.

1906-ம் ஆண்டு, பறப்பது சாத்தியமே என்று லண்டன் "டைம்ஸ்" பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்திரிகை கடிதத்தை வெளியிட்டது. ஆனால் அதன் கீழேயே ஒரு குறிப்பையும் போட்டது. இப்படிப்பட்ட முயற்சிகள் உயிருக்கு ஆபத்தானவை, தோல்வியில்தான் முடியும் என்று அந்தக் குறிப்பு எச்சரித்தது!

படித்தவர்கள் நடத்திய பத்திரிகை அது. பரீட்சையில் தோற்றவர் எழுதிய கடிதம் இது. யார் சொன்னது பலித்தது என்பது ஊருக்கே தெரியும்.

குதிரை லாயத்தில் விமானம்

மாதிரி விமானப் போட்டியில் கிடைத்த 75 பவுனை ரோ என்ன செய்தார்? அதே மாதிரியைப் பெரிதாக்கி, ஆள் ஏறும் விமானமாகக் கட்டத் துணிந்தார்.

இடம்? டாக்டராக இருந்த சகோதரர் ஒருவருக்கு லண்டனில் வீடு. வீட்டுக்குப் பின்னால் குதிரை லாயம். அதுதான் தொழிற்சாலை!

அப்போது புரூக்லண்ட்ஸ் என்ற இடத்தில் மோட்டார் பந்தய மைதானம் புதிதாகத் திறக்கப்பட்டிருந்தது. 1907-ம் ஆண்டு முடிவதற்குள் அந்த மைதானத்தைச் சுற்றிப் பறப்பவருக்கு 2,500 பவுன் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். ரோ தம் விமானத்தை அங்கே கொண்டு போனார். அதற்கு அருகிலேயே ஒரு கொட்டகை போட்டார்.

எஞ்சினுக்குச் சக்தி போதவில்லை. ஆறு குதிரைச் சக்திதான். விமானம் ஓடியது. எழும்பவில்லை. பரிசுக் கெடுவும் முடிந்து போயிற்று.

அவர் மனம் தளரவில்லை. மோட்டார் கார் வைத்திருந்தவர்களைக் கெஞ்சிக் கேட்டு, விமானத்தைக் கயிற்றில் கட்டி இழுக்கச் செய்தார். பட்டம் விடும்போது நூலைப் பிடித்துக் கொண்டு ஓடுவோமே, அதே கணக்கு. கயிற்றைச் சரியான நேரத்தில் விடாவிட்டால் விமானம் கவிழும். பல தடவை கவிழ்ந்தது.

மைதானத்து அதிகாரிகளுக்கு இவரைப் பிடிக்கவில்லை. இரவில் அங்கே தங்கக் கூடாது என்று உத்தரவு. ரோவோ வாடகைக்கு அறை எடுக்க வழி இல்லாதவர். யாருக்கும் தெரியாமல் கொட்டகைக்குள்ளேயே படுத்துக் கொள்வார். மலிவான மீனைத் தின்று வயிற்றைக் கழுவினார்.

கடைசியில் 24 குதிரைச் சக்தி கொண்ட பிரெஞ்சு எஞ்சின் ஒன்றை இரவலாக வாங்கினார். 1908-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி விமானத்தின் சக்கரங்கள் தரையை விட்டுச் சற்றே எழும்பின. பறந்தது என்பதை விடத் தாவியது என்று சொல்வதே பொருத்தம். சாட்சி சொல்ல முக்கியஸ்தர் யாரும் அங்கே இல்லை. பின்னால் இதை ஒரு குழு விசாரித்தது. இங்கிலாந்தில் முதலில் பறந்த ஆங்கிலேயர் என்ற பட்டத்தை ரோவுக்குக் கொடுக்க அந்தக் குழு மறுத்து விட்டது.

மைதானத்தில் இருந்தும் அவரைக் காலி செய்யச் சொல்லி விட்டார்கள்.

காகித இறக்கை

அடுத்த இடம் லண்டனுக்கு வெளியே லீ சதுப்பு நிலம். ரெயில் பாலத்தின் வளைவுக்கு அடியில், மழை படாத ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்தார்.

அங்கே கட்டிய விமானத்துக்கு மூன்று அடுக்கு இறக்கைகள். துணி வாங்கப் பணம் இல்லை. இறக்கைகளுக்குக் காகிதம் ஒட்டினார்! காகிதம் கிழியாமல் இருக்க மஸ்லின் துணி கொடுத்தார். எஞ்சின் 9 குதிரைச் சக்தி. இன்றைக்கு நம் தெருவில் ஓடும் சாதாரண மோட்டார் சைக்கிளுக்கு உள்ள சக்திதான். உண்மையில் அது ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிதாகச் செய்த மாதிரி விமானம்தான்!

அந்தக் காகித விமானம் 1909-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி நூறு அடி தூரம் பறந்தது. பத்து நாள் கழித்து 900 அடி பறந்தது. பிரிட்டிஷ் எஞ்சின் பூட்டிய பிரிட்டிஷ் விமானத்தில், பிரிட்டிஷ்காரர் ஒருவர் பறந்தது அதுவே முதல் தடவை. அந்தப் பெருமையை யாராலும் மறுக்க முடியவில்லை.

பாராட்டு வந்ததா? வழக்குத்தான் வந்தது! பொதுமக்களுக்கு ஆபத்து உண்டாக்குகிறார் என்று அவர் மீது நடவடிக்கை எடுக்க ஏற்பாடு நடந்தது. நல்ல வேளையாக, அந்த ஜூலை 25-ந் தேதி பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டி வந்து இறங்கினார். நாடு முழுவதும் அவரைக் கொண்டாடியது. பறக்கும் குற்றத்துக்காக ஒருவரைக் கோர்ட்டுக்கு இழுத்தால் ஊர் சிரிக்கும் அல்லவா? வழக்கைக் கைவிட்டார்கள்.

அந்தக் காகித இறக்கை விமானம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கால்சட்டை வார் கொடுத்த பணம்

ரோவின் தம்பி ஹம்ப்ரி. மான்செஸ்டரில் ஓர் ஆலை நடத்தி வந்தார். கால்சட்டை நழுவாமல் இருக்கத் தோளில் மாட்டும் வார் அங்கே தயாராகும். அந்த வாரின் பெயர் "புல்ஸ் ஐ". அண்ணனுக்குப் பணம் கொடுத்தவர் இந்தத் தம்பிதான். அதற்குக் கைம்மாறாக, ரோ தம் விமானத்தின் மீது "புல்ஸ் ஐ" என்று எழுதி விளம்பரம் செய்தார்.

1910-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஏ.வி.ரோ கம்பெனியைத் தொடங்கினார்கள். வார் நெய்யும் ஆலையின் அடித்தளத்தில் விமானம் கட்டினார்கள்.

அந்தக் கோடையில் ஒரு சோதனை. பிளாக்பூல் என்ற ஊரில் விமானக் கண்காட்சி. இரண்டு விமானங்களைப் பிரித்து ரெயிலில் ஏற்றி அனுப்பினார்கள். ரெயில் எஞ்சினில் இருந்து பறந்த நெருப்புப் பொறி விழுந்து இரண்டும் சாம்பலாகி விட்டன! ரோ ஆலைக்குத் திரும்பினார். இருந்த பாகங்களைக் கொண்டு வேறொரு விமானத்தைக் கட்டி, அதே கண்காட்சியில் பறந்து காட்டினார்.

1911-ம் ஆண்டு ராய் சாட்விக் என்ற 18 வயது இளைஞர் வேலை கேட்டு வந்தார். ரோ அவரைத் தமக்கு உதவியாளராக வைத்துக் கொண்டார். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

1913-ம் ஆண்டு ஆவ்ரோ 504 என்ற விமானம் பிறந்தது. இரட்டை இறக்கை. மரச் சட்டம். ஓட்டுவதற்கு எளிது. விமானம் ஓட்டப் பழகுவதற்கு இதைப் போல வேறொன்று இல்லை என்று பெயர் வாங்கியது. 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் தயாராயின. கொட்டகையில் ஒளிந்து படுத்தவர் முதலாளி ஆகி விட்டார்!

முதல் குண்டு

1914-ம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது.

நவம்பர் 21-ந் தேதி. பிரான்சில் இருந்து மூன்று ஆவ்ரோ 504 விமானங்கள் கிளம்பின. ஜெர்மனியில் பிரடெரிக்ஷாபன் என்ற ஊரில் ஜெப்பலின் ஆகாயக் கப்பல்களைக் கட்டும் கொட்டகைகள் இருந்தன. அவற்றின் மீது குண்டு வீசுவதுதான் திட்டம். ஒவ்வொரு விமானத்திலும் நான்கு குண்டுகள். ஒரு குண்டின் எடை 20 ராத்தல். வீசினார்கள். ஒரு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மற்ற இரண்டும் திரும்பி வந்தன.

எதிரி நாட்டுக்குள் நெடுந்தூரம் பறந்து போய்க் குண்டு வீசுவது என்ற யுத்த முறை தொடங்கிய காலம் அது. தொடக்கத்திலேயே ரோவின் விமானம் அதில் இருந்தது. பறவையைப் பார்த்துச் செய்த பொருள், பதினைந்து ஆண்டுகளுக்குள் குண்டு சுமக்கப் பழகி விட்டது.

தம்பி ஹம்ப்ரி 1917-ம் ஆண்டு கம்பெனியை விட்டு ராணுவ விமானப் படையில் சேர்ந்தார். போர் முடிந்ததும் விமானங்களுக்குக் கிராக்கி போய் விட்டது. கம்பெனியின் பெரும் பங்கு கை மாறியது. 1928-ம் ஆண்டு ரோ தாம் வளர்த்த கம்பெனியை விட்டே வெளியேறினார். வைட் தீவில் நீரில் இறங்கும் விமானங்களைக் கட்டும் வேறொரு கம்பெனியில் சேர்ந்தார். 1929-ம் ஆண்டு "சர்" பட்டம் கிடைத்தது. தாயாரின் குடும்பப் பெயரான வெர்டன் என்பதைத் தம் பெயரோடு நிரந்தரமாகச் சேர்த்துக் கொண்டார்.

அவர் போனார். ஆனால் ஆவ்ரோ என்ற பெயர் கம்பெனியிலேயே தங்கி விட்டது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1930-களில் மோஸ்லி என்பவர் இங்கிலாந்தில் ஒரு பாசிசக் கட்சி நடத்தினார். ரோ அந்தக் கட்சியை ஆதரித்தார். விமானத்தின் போக்கைக் கணித்தவருக்கு அரசியலின் போக்கைக் கணிக்கத் தெரியவில்லை. ஹிட்லரின் ஜெர்மனி மீது பின்னர் படையெடுத்துச் சென்றவை அவர் பெயர் தாங்கிய விமானங்கள் அல்லவா!

லங்காஸ்டர்

ராய் சாட்விக்கை நினைவிருக்கிறதா? ரோவின் உதவியாளராகச் சேர்ந்த அந்த இளைஞர், ரோ போன பிறகும் ஆவ்ரோவிலேயே இருந்தார். தலைமை வடிவமைப்பாளர் ஆனார்.

இரண்டாவது உலகப் போர் தொடங்கிய சமயத்தில் அவர் "மான்செஸ்டர்" என்ற குண்டு வீச்சு விமானத்தை வடிவமைத்திருந்தார். இரண்டு எஞ்சின்கள். அந்த எஞ்சின்கள் அடிக்கடி பழுதாயின. சாட்விக் இறக்கைகளை நீட்டி, நான்கு மெர்லின் எஞ்சின்களைப் பூட்டினார். 1941-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி அது பறந்தது. அதுதான் லங்காஸ்டர்!

இறக்கையின் நீளம் 102 அடி. உள்ளே ஏழு பேர். 1914-ல் ஆவ்ரோ விமானம் ஒன்று சுமந்த குண்டுகளின் மொத்த எடை 80 ராத்தல். லங்காஸ்டர் சாதாரணமாகவே 14 ஆயிரம் ராத்தல் சுமந்தது. விசேஷமாக மாற்றியமைத்த சில விமானங்கள் 22 ஆயிரம் ராத்தல் எடையுள்ள ஒரே குண்டைத் தூக்கிச் சென்றன.

மொத்தம் 7,377 லங்காஸ்டர்கள் கட்டப்பட்டன. அவற்றில் கிட்டத்தட்டப் பாதி போரில் அழிந்தன. பிரிட்டிஷ் குண்டு வீச்சுப் படையில் மாண்ட விமானிகள் 55,573 பேர். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. மீசை கூடச் சரியாக முளைக்காத பிள்ளைகள்.

கீழே இருந்தவர்கள்? 1943-ம் ஆண்டு ஜூலையில் ஹாம்பர்க் நகரில் தீப்புயல் எழுந்து 35 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். 1945-ம் ஆண்டு பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரில் ஏறத்தாழ 25 ஆயிரம் பேர். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அதில் அடக்கம். அந்தக் குண்டு வீச்சு நியாயமா என்று இன்றும் அந்த நாடுகளில் வாதாடுகிறார்கள்.

ரோவின் வீட்டையும் யுத்தம் விடவில்லை. அவருடைய மகன்கள் இரண்டு பேர் பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தார்கள். எரிக் 1941-ம் ஆண்டு மாண்டார். லைட்டன் 1943-ம் ஆண்டு மாண்டார். மனிதன் பறக்க முடியும் என்று ஊரோடு சண்டை போட்ட தகப்பனார், பறக்கப் போன இரண்டு பிள்ளைகளையும் திரும்பப் பார்க்கவில்லை.

சாட்விக்கின் முடிவும் விமானத்தில்தான். 1947-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி, தாம் வடிவமைத்த டூடர் விமானத்தின் சோதனையின்போது அவரும் உடன் பறந்தார். இறக்கையைச் சாய்க்கும் கம்பிகளைப் பழுது பார்த்தவர்கள் இடம் மாற்றிப் பூட்டி விட்டார்கள். விமானம் கிளம்பியதும் விழுந்து நொறுங்கியது.

யுத்தத்துக்குப் போன பொம்மைகள்

போர்க் காலத்தில் மாதிரி விமானங்களுக்கும் வேலை வந்தது. இது பலருக்குத் தெரியாது.

வானத்தில் வருவது நம் விமானமா, எதிரி விமானமா? தவறாகக் கணித்தால் சொந்த விமானத்தையே சுட நேரும். படத்தைப் பார்த்து மட்டும் இதைப் பழக முடியாது. எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க ஒரு பொருள் வேண்டும்.

அமெரிக்கக் கடற்படை 1942-ம் ஆண்டு பள்ளி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. 5 லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தாருங்கள் என்றது! மாணவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்து மரத்தைச் செதுக்கினார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். கறுப்பு வர்ணம் பூசினார்கள். ஏன் கறுப்பு? வானத்தில் தூரத்தில் வரும் விமானம் கண்ணுக்கு நிழல் வடிவமாகத்தானே தெரியும்?

உண்மை விமானத்தில் 72-ல் ஒரு பங்கு என்பது அளவு. அதாவது ஆறு அடிக்கு ஓர் அங்குலம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த மாதிரியை 35 அடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், உண்மை விமானம் ஏறத்தாழ அரை மைல் தொலைவில் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும்.

போர் முடிந்ததும் மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தது. அளவு மட்டும் மாறவில்லை.

ஓர் அங்குல மனிதர்கள்

1958-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ரோ காலமானார். வயது 80. ஹாம்பிள் என்ற ஊரில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அதே ஆண்டில், இங்கிலாந்தின் ஏர்பிக்ஸ் கம்பெனி லங்காஸ்டர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெட்டியைத் திறந்தால் துண்டு துண்டான பாகங்கள் இருக்கும். வாங்குகிறவர்தான் ஒட்டி, வர்ணம் பூசி விமானம் ஆக்க வேண்டும். ஆவ்ரோவின் பெயர் மறுபடியும் பையன்களின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. ரோ அதைப் பார்க்க இல்லை.

செய்வது எப்படி? முதலில் உள்ளே போகும் பாகங்களுக்கு வர்ணம் பூச வேண்டும். விமானி அறையை மூடிய பிறகு தூரிகை நுழையாது. பிறகு உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, பசை உலரும் வரை கட்டி வைக்க வேண்டும். இறக்கைகள், நான்கு எஞ்சின்கள், இரட்டை வால் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். முடிந்தால் இறக்கையின் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு 17 அங்குலம் இருக்கும்.

கண்ணாடி போன்ற பாகங்களில்தான் பொறுமை வேண்டும். பசை பட்ட விரலால் தொட்டால் கறை போகாது. அவசரக்காரப் பையன்களின் லங்காஸ்டர்களை இந்த விரல் அடையாளத்தைக் கொண்டே கண்டுபிடித்து விடலாம்!

வர்ணத்திலும் ஒரு காரணம் உண்டு. மேல்புறம் பச்சையும் மண் நிறமும் வளைந்து வளைந்து கலந்திருக்கும். தரையில் நிற்கும்போது, மேலே பறக்கும் எதிரிக்கு வயல் போலத் தோன்ற வேண்டும். பக்கங்களும் அடிப்புறமும் கறுப்பு. இரவில் கீழிருந்து வீசும் தேடுவிளக்கின் ஒளியில் பளிச்சிடக் கூடாது. விசிறி இலைகள் கறுப்பு. நுனி மட்டும் மஞ்சள். இறக்கையின் மேலே உள்ள வட்டச் சின்னத்தில் சிவப்பும் நீலமும் மட்டுமே உண்டு. இருளில் வெள்ளை நிறம் காட்டிக் கொடுத்து விடும் அல்லவா? கறுப்புப் பக்கத்தில் மங்கிய சிவப்பு எழுத்துகள். சின்னங்களையும் எழுத்துகளையும் தண்ணீரில் ஊற வைத்துக் காகிதத்தில் இருந்து நழுவ விட்டு ஒட்டுவார்கள்.

வாலின் கடைசியில் ஒரு சிறு கண்ணாடிக் கூண்டு ஒட்ட வேண்டும். பின்புறத் துப்பாக்கி வீரர் உட்காரும் இடம் அது. மற்ற ஆறு பேரும் முன்பக்கம் இருக்க, இவர் மட்டும் தனியே, பின்னோக்கி உட்கார்ந்திருப்பார். கடும் குளிர். எட்டு மணி நேரம் கூட ஆகும். எதிரியின் சண்டை விமானங்கள் பெரும்பாலும் பின்னால் இருந்துதான் வரும். ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் அந்த வீரர் ஓர் அங்குல உயரம் கூட இருக்க மாட்டார். விரல் நுனியால் பிடித்து ஒட்ட முடியாமல் சாமணத்தால் பிடித்து ஒட்டுவார்கள்.

அந்த நாட்டில் இந்த மாதிரியைச் செய்தவர்களில், அண்ணனையோ தகப்பனையோ அந்தக் கூண்டில் இழந்த வீட்டுப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். இன்னும் பல கம்பெனிகள் லங்காஸ்டர் மாதிரிகளை விற்கின்றன. நரைத்த தலையோடு மேஜை விளக்கின் கீழ் உட்கார்ந்து வர்ணம் பூசுபவர்கள் ஏராளம்.

கட்டிய 7,377 லங்காஸ்டர்களில், இன்று வானில் பறக்கக் கூடியவை இரண்டே இரண்டு. ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. மற்றொன்று கனடாவில் இருக்கிறது.